கூபே வாங்கலாமா? கணக்கைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க மக்களே!

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. எண்கள் நிறைய வரும். கணக்குன்னா அலர்ஜி உள்ளவங்க கடைசி ரெண்டு பத்தியை மட்டும் படிச்சுட்டு, முழுசும் படிச்ச மாதிரி பின்னூட்டம் போடலாம். நான் கண்டுக்க மாட்டேன் :-)

சிங்கப்பூர்ல நாலு தமிழர்கள் சேர்ந்து உட்கார்ந்து கார் பேச்சு வந்துட்டா ரெண்டு கட்சி உடனே உருவாகிடும். முதல் கட்சி, "இந்த ஊர்ல கார் வாங்குறவன் சொந்தச் செலவுல சூனியம் வச்சிக்கிறான்" கட்சி. இவங்க எம்ஆர்டியில போய்ட்டு எம்ஆர்டியில வருவாங்க, அதைப் பத்தி அரை மணி நேரம் பெருமையாப் பேசுவாங்க. ரெண்டாவது கட்சி, "வாழ்க்கை ஒரு தடவைதான் பாஸ்" கட்சி. இவங்க கையில போன், போன்ல ஒரு ரெண்டு கதவு வண்டியோட படம், சிவப்புக் கலர்ல.

ரெண்டு கட்சியும் நல்லா சண்டை போடும். ஆனா ரெண்டு கட்சியிலயும் ஒருத்தர்கூட பேப்பரும் பேனாவும் எடுத்து நான் பார்த்ததில்லை. என் கருத்து ரெண்டு கட்சிக்கும் பிடிக்காது. முதல்லயே சொல்லிடறேன். இந்த ஊர்ல ஸ்போர்ட்ஸ் கூபே ஆசைக்கு ஆகுற செலவு நீங்க நினைக்கிறதைவிடக் கம்மி. கார் ஆசைக்கு ஆகுற செலவு நீங்க நினைக்கிறதைவிட ரொம்ப ஜாஸ்தி. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் ஆளாளுக்கு ஒண்ணு பேசுறோம்.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு சின்ன விளக்கம்

சென்னை, மதுரை, துபாய், நியூஜெர்சியில இருந்து படிக்கிறவங்களுக்காக இது. உங்க ஊர்ல கார் தேயுறதுக்குக் காரணம் காரும் சந்தையும். எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சு, எத்தனை கை மாறுச்சு, அந்த மாடலுக்கு ஆள் இருக்கா, அவ்வளவுதான். நம்ம ஊர் இன்சூரன்ஸ்லயே ஒரு தேய்மான அட்டவணை இருக்கு. ஆறு மாசத்துக்கு மேல ஒரு வருஷம் வரைக்கும் 15 சதவீதம் கழிப்பாங்க, நாலு வருஷம் தாண்டி அஞ்சுக்குள்ள இருந்தா 50 சதவீதம். ஆனாலும் அஞ்சு வருஷம் கழிச்சு வண்டி உங்க வண்டிதான். வச்சு ஓட்டலாம், பையனுக்குக் கொடுக்கலாம், மாட்டுக் கொட்டகையில நிறுத்தலாம்.

சிங்கப்பூர்ல அப்படி இல்ல. 1990 மே மாசத்துலேர்ந்து இங்க சிஓஇ முறை இருக்கு. அதாவது வாகன உரிமைச் சான்றிதழ். மாசத்துக்கு ரெண்டு தடவை ஏலம். ஜெயிச்சா பத்து வருஷம் ஒரு காரை ரோட்டுல வச்சிக்க அனுமதி. பத்து வருஷம் முடிஞ்சா அனுமதியும் முடிஞ்சுது. காருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. எஞ்சின் ஜம்முன்னு ஓடும். ஆனா அனுமதி இல்ல. புதுப்பிக்கணும், இல்லன்னா ஒப்படைக்கணும்.

அந்த ஏல விலை எப்படி ஆடும்னு ரெண்டு உதாரணம். 2008 நவம்பர்ல சின்ன கார்களுக்கான 'ஏ' பிரிவு சிஓஇ 2 வெள்ளிக்குப் போச்சு. ஆமா, ரெண்டே ரெண்டு வெள்ளி. 2023 அக்டோபர்ல பெரிய கார்களுக்கான 'பி' பிரிவு 150,001 வெள்ளி. அதே ஏலத்துல 'ஏ' பிரிவே 106,000. ரெண்டு வெள்ளியிலயும் கார் இல்ல, ஒன்றரை லட்சத்துலயும் கார் இல்ல. அது வெறும் பத்து வருஷ உரிமை.

அதனால இங்க கார் சந்தையில விலையைக் கேட்டுப் பேசுறவங்க கம்மி. "டெப்ரி எவ்வளவு?"ன்னுதான் கேப்பாங்க. வருஷத் தேய்மானம். செகண்ட் ஹேண்ட் கார் விளம்பரங்கள்ல விலைக்குப் பக்கத்துலயே வருஷத்துக்கு எவ்வளவு தேய்மானம்னு போட்டிருப்பாங்க. உலகத்துலயே தேய்மானத்தை முன்னாடியே சொல்லி வியாபாரம் பண்ற ஊர் இதுவாத்தான் இருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம் :-)

சரி, கணக்குக்கு வருவோம்

2024-ல பதிவு பண்ணின ஒரு ரெண்டு லிட்டர் கூபேன்னு வச்சிக்குவோம். டொயோட்டா 86 மாதிரி ஒரு சைஸ். இறக்குமதி மதிப்பு, அதாவது ஓஎம்வி, 30,000 வெள்ளி. இது கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட ரவுண்டு நம்பர்.

சுங்க வரி 20 சதவீதம்: 6,000.
ரெண்டுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 9 சதவீதம்: 3,240.
ஏஆர்எஃப்னு ஒரு கூடுதல் பதிவுக் கட்டணம் உண்டு. 2023 பட்ஜெட் படி முதல் 20,000-க்கு 100 சதவீதம், அடுத்த 20,000-க்கு 140 சதவீதம். விலை ஏற ஏற இதுவும் ஏறி 80,000-க்கு மேல 320 சதவீதம் வரைக்கும் போகும். நம்ம கூபேக்கு 34,000.
புகை ஜாஸ்தி விடுற வண்டின்னா அதுக்குத் தனி அபராதக் கட்டணம்: 15,000.
சிஓஇ 'பி' பிரிவு, ரவுண்டா: 100,000.

கூட்டினா 188,240. டீலர் லாபம், சில்லறைக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 205,000-ன்னு வச்சிக்குவோம்.

30,000 வெள்ளி கார் 205,000 வெள்ளி. அவ்வ்வ்வ்... இங்கதான் முதல் கட்சி ஆளுங்க கை தட்டுவாங்க. இருங்க, இன்னும் முடியல.

பத்து வருஷம் முடிஞ்சு ஒப்படைச்சா ஏஆர்எஃப்-ல ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும். பேரு பார்ஃப். நம்ம 2024 காருக்கு அது 50 சதவீதம், அதாவது 17,000. மிச்சம் 188,000 காணாம போச்சு. பத்தால வகுத்தா வருஷத்துக்கு 18,800. மாசத்துக்கு 1,567. ஒரு நாளைக்கு 51 வெள்ளி சொச்சம். நீங்க தூங்கும்போதும் தேயும், தீபாவளிக்கு ஊருக்குப் போய் வண்டி கார்பார்க்குல தூசி பிடிச்சு நிக்கும்போதும் தேயும். (இந்த பார்ஃப் சதவீதத்தை எல்லாம் பட்ஜெட்டுல மாத்துவாங்க. வாங்கப் போறவங்க நிலப் போக்குவரத்து ஆணையத்தோட தளத்துல அன்னிய தேதிக்கு என்ன விதின்னு பாத்துக்குங்க.)

இனி ஓட்டுற செலவு. வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர்னு வைங்க.

சாலை வரி, 1998 சிசி-க்கு: 1,210.
இன்சூரன்ஸ்: 2,000. (சின்ன வயசு, புது லைசென்ஸ், ரெண்டு கதவு, மூணும் சேர்ந்தா இதைவிட நல்லாவே ஏறும்.)
வீவக பலமாடி கார் நிறுத்துமிடம், மாசம் 110: 1,320.
வெளியில நிறுத்துறதுக்கு: 1,200.
பெட்ரோல், நூறு கிலோமீட்டருக்கு 9 லிட்டர், லிட்டர் 3 வெள்ளி: 3,240.
சர்வீஸ்: 1,000.
டயர், வருஷக் கணக்குல: 400.
ஈஆர்பி சாலைக் கட்டணம்: 600.

மொத்தம் 10,970. தேய்மானத்தோட சேர்த்தா 29,770. மாசம் 2,481 வெள்ளி. தினம் 81 வெள்ளி. இது ரொக்கமா வாங்கினவருக்கு. கடன் வாங்கினவருக்கு இன்னும் ஒரு வரி இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்ப பக்கத்து வீட்டு செடானைப் பாருங்க

எல்லாரும் கூபேயைத் திட்டுறாங்களே, அதே 'பி' பிரிவுல ஒரு 'பொறுப்பான' குடும்பஸ்தன் வண்டியை எடுத்துக்குவோம். 1.8 லிட்டர், நாலு கதவு, ஓஎம்வி 22,000. அதே வரிகள் போட்டா, சிஓஇ அதே 100,000, கிட்டத்தட்ட 168,000 வரும். பார்ஃப் 11,400 திரும்பும். வருஷத் தேய்மானம் 15,660. ஓட்டுற செலவுல சாலை வரி, இன்சூரன்ஸ், பெட்ரோல், டயர் எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சமாகி 8,800 கிட்ட நிக்கும். மொத்தம் வருஷத்துக்கு 24,500. மாசம் 2,040.

கூபே 2,481. செடான் 2,040. வித்தியாசம் மாசத்துக்கு 440 வெள்ளி.

கவனிங்க. கூபேங்கிற 'ஆடம்பரத்துக்கு' 440. கார்ங்கிற 'அவசியத்துக்கு' 2,040. அந்தப் பொறுப்பான செடான்காரர் நம்ம கூபேக்காரரைப் பாத்து "பணத்தைக் கரியாக்குறான்"னு சொல்றப்ப, அவரு ஏற்கெனவே எண்பது சதவீதம் கரியாக்கிட்டுதான் சொல்றாரு. இதை யாரும் உள்குத்தா எடுத்துக்காதீங்க. கணக்கு அப்படித்தான் வருது.

இதுக்குக் காரணம் சிஓஇ. சிஓஇ-க்கு வண்டி அழகா அசிங்கமான்னு தெரியாது. ஒரே பிரிவுல இருந்தா கூபேக்கும் செடானுக்கும் ஒரே விலை. மத்த நாடுகள்ல காரோட விலைதான் பெரிய பங்கு, அதனால ரெண்டு வண்டிக்கும் நடுவுல தேய்மானத்துல பெரிய பள்ளம் விழும். இங்க காரோட விலை மொத்தத்துல ஒரு ஓரம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் வண்டின்னா 1,600 சிசி-க்கும் 97 கிலோவாட்டுக்கும் உள்ள இருந்தாதான் 'ஏ' பிரிவு. இந்த கிலோவாட் விதி 2014-ல வந்தது. சக்தியுள்ள கூபே எதுவும் அதுக்குள்ள அடங்காது. நீங்க ஒப்பிடுற செடான் 'ஏ' பிரிவுன்னா கதை மாறும். மேல சொன்ன 2023 அக்டோபர் ஏலத்துல ரெண்டு பிரிவுக்கும் 44,001 வெள்ளி வித்தியாசம். வருஷத்துக்கு 4,400. அப்ப மாச வித்தியாசம் 440 இல்ல, 800-ஐத் தாண்டும். ஆக, ஒப்பிடும்போது எந்தப் பிரிவோட எந்தப் பிரிவை ஒப்பிடுறோம்னு பாத்துக்கணும்.

முதல் அஞ்சு வருஷமா, ரெண்டாவது அஞ்சு வருஷமா?

இந்த ஊர் கார்ல இன்னொரு அதிசயம், விலைக்கு ஒரு தரை உண்டு. அதுக்குக் கீழ விலை போகவே முடியாது. மிச்சமிருக்கிற சிஓஇ-யும் பார்ஃப்-பும் சேர்ந்தது அந்தத் தரை. பேப்பர் வேல்யூன்னு சொல்லுவாங்க.

நம்ம கூபே அஞ்சு வருஷம் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எவ்வளவு? சிஓஇ பாதி, 50,000. பார்ஃப் அப்போ 75 சதவீதம், 25,500. ஆக 75,500. ஆளே கிடைக்கலன்னாலும் அரசாங்கமே இவ்வளவு தரும். நல்ல விஷயம்தான். ஆனா திருப்பிப் பாருங்க. 205,000 கொடுத்தவருக்கு மோசமான நிலைமையில அஞ்சு வருஷத்துல 129,500 போச்சு. வருஷத்துக்கு 25,900!

இப்ப அதே வண்டியை அஞ்சு வருஷம் மிச்சத்தோட ஒருத்தர் 95,000-க்கு வாங்கறாருன்னு வைங்க. கடைசியில 17,000 வரும். 78,000-ஐ அஞ்சால வகுத்தா 15,600. புதுக் கூபேயைவிட வருஷத்துக்கு 3,200 கம்மி. புது செடான் அளவுதான் வருது!

புது வண்டியோட முதல் சொந்தக்காரர் டீலர் லாபத்தையும், அபராதக் கட்டணத்தையும், 'புதுசு'ங்கிற வாசனையையும் சேர்த்துச் சுமக்கிறார். அவருக்கு நாம நன்றி சொல்லணும். கூபே வாங்குறதா இருந்தா ரெண்டாவது அஞ்சு வருஷத்துல வாங்குங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

நானும் அப்படித்தான். 2013-ல பதிவான ஒரு டொயோட்டா 86-ஐ 2018-ல வாங்கி, 2023 வரைக்கும் வச்சிருந்தேன். தெரியாதவங்களுக்கு, இது டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து பண்ணின வண்டி, 2012-ல வந்தது. எஞ்சின் சுபாருவோட பாக்ஸர். படுத்த வாக்குல இருக்கும், அதனால வண்டியோட எடை தரைக்குப் பக்கத்துலயே இருக்கும். திருப்பத்துல அது தர்ற சுகம் தனி. ஆனா அதே காரணத்தால ஸ்பார்க் பிளக்கு எஞ்சினோட ரெண்டு பக்கவாட்டுல ஒளிஞ்சிருக்கும். சாதாரண வண்டியில அரை மணி நேர வேலை, இதுல மெக்கானிக் பெருமூச்சு விடுவார். கூலியில அந்தப் பெருமூச்சும் சேர்ந்து வரும். நல்ல விஷயமும் உண்டு. வண்டியோட வந்த 17 இஞ்ச் டயர், ப்ரியஸுக்கு வர்ற அதே டயர். ஸ்போர்ட்ஸ் கார்னா டயருக்குச் சொத்தை எழுதி வைக்கணும்ங்கிற பயம் இதுல இல்ல.

வேற செலவுகளும் இருக்கு, எந்த விளம்பரத்துலயும் வராது. பின் சீட்டு ரெண்டு உண்டு, பேருக்கு. ஊர்லேர்ந்து அம்மா வந்திருந்த ரெண்டு மாசமும், அம்மாவுக்கு முழங்கால் வலி, பின்னாடி ஏறவே முடியாது. முன்னாடி அம்மா, நான் ஓட்டுறேன். தங்கமணியும் பையனும் பின்னாடி மடங்கி உட்காரணும். ரெண்டு தடவை தேக்காவுக்கு அப்படிப் போனோம். மூணாவது தடவை தங்கமணி ஒண்ணும் சொல்லல, போனை எடுத்து டாக்சி கூப்பிட்டாங்க. வீட்டுல நிக்குற காருக்கு தினமும் தேய்மானம், கூடவே டாக்சி காசு! நாலு பேர் உள்ள வீடுன்னா கூபே கணக்குல டாக்சிக்கும் ஒரு வரி எழுதிக்கணும். நான் வருஷத்துக்கு 600 எழுதியிருந்தேன், கிட்டத்தட்ட சரியா வந்துச்சு.

பத்தாவது வருஷம்

2023-ல என் வண்டிக்குப் பத்து முடிஞ்சுது. புதுப்பிக்கணும்னா பிக்யூபி கட்டணும். அதாவது கடைசி மூணு மாச ஏல விலையோட சராசரி. அப்போ அது நூறாயிரத்தைத் தாண்டி இருந்துச்சு. புதுப்பிச்சா பார்ஃப்-பும் போயிடும்.

இங்கயும் கணக்கு சுவாரசியமானது. மேல சொன்ன 2024 உதாரண வண்டியையே எடுத்துக்குங்க. பிக்யூபி 100,000, விட்டுக்கொடுக்கிற பார்ஃப் 17,000, பத்து வருஷத்துக்கு 117,000. வருஷத்துக்கு 11,700-தான். புதுசைவிட 7,000 கம்மி! அதனாலதான் பழைய கூபே பிரியர்கள் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு ஓட்டுறாங்க. அஞ்சு வருஷத்துக்கும் புதுப்பிக்கலாம், பாதி காசு. ஆனா அப்புறம் மறுபடி புதுப்பிக்க முடியாது, வண்டி போயே ஆகணும். பத்து வருஷம் தாண்டினா சாலை வரியில வருஷா வருஷம் 10 சதவீதம் ஏறி 50 சதவீதம் கூடுதல் வரைக்கும் போகும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இருந்த பரிசோதனை வருஷா வருஷம் ஆகும். பழைய எஞ்சின், பழைய கியர்பாக்ஸ் செலவு நம்ம தலையில. கையில தேர்ந்த மெக்கானிக் இருந்தா லாபம். இல்லன்னா கண்ணைக் கட்டிக்கிட்டு கிணத்துல குதிக்கிறது.

எனக்கு அப்ப பையன் உயரமாகிட்டான். அவன் காலு பின் சீட்டுல நுழையல. ஒப்படைச்சிட்டேன். சாவியைக் கொடுக்கும்போது எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு. இப்படிப் போற வண்டிகள்ல சிலது கப்பலேறி வேற நாட்டுல ஓடும், மிச்சம் பாகம் பாகமாப் பிரியும். அஞ்சு வருஷம் ஒரு சுகத்துக்கு வாடகை கொடுத்தேன், வாடகை முடிஞ்சுது, வீட்டைக் காலி பண்ணினேன். அவ்வளவுதான். வருத்தம் உண்டு, புலம்பல் இல்ல.

'வாடகை'ங்கிற வார்த்தையைத்தான் எல்லாரும் மனசுல வச்சிக்கணும். இங்க கார் சொத்து இல்ல. வாடகை. அதுவும் நாள் வாடகை, ஓடினாலும் ஓடாட்டியும். 12,000 கிலோமீட்டர் ஓட்டினா நம்ம புதுக் கூபே கிலோமீட்டருக்கு 2 வெள்ளி 48 காசு. "பெட்ரோல் விலை ஏறிடுச்சு, கம்மியா ஓட்டுவோம்"னு 6,000 ஓட்டினா என்ன ஆகும்? பெட்ரோல்ல 1,620 மிச்சம். ஆனா கிலோமீட்டருக்கு 4 வெள்ளி 69 காசு! கம்மியா ஓட்டிக் காசை மிச்சம் பிடிக்கிறது இந்த ஊர்ல நடக்காத காரியம். வாங்கினா ஓட்டுங்க. சனிக்கிழமை காலையில ஜொகூர் தாண்டிப் போங்க (பெட்ரோல் டேங்க் முக்கால் இருக்கணும், மறந்துடாதீங்க). இங்க விரைவுச்சாலையில அதிகபட்சம் 90, அங்க நெடுஞ்சாலையில 110. அதுக்குமேல ஆசைப்பட்டா அபராதமும் தேய்மானத்துல சேரும் :-)

அந்த 'மாசம் வெறும் 1,720' விஷயம்

ஷோரூம்ல சேல்ஸ் தம்பிகிட்ட விலை கேட்டா விலை சொல்ல மாட்டார். "அண்ணே, மாசம் 1,720-தான்" அப்படின்னுதான் ஆரம்பிப்பார். அந்த 1,720 எங்கேர்ந்து வந்துச்சு?

2016 மே மாசத்துலேர்ந்து உள்ள விதிப்படி ஓஎம்வி 20,000-க்கு மேல உள்ள காருக்கு 60 சதவீதம்தான் கடன், அதிகபட்சம் ஏழு வருஷம். 205,000-ல 60 சதவீதம் 123,000. 2.5 சதவீதம் ஃப்ளாட் வட்டின்னா ஏழு வருஷத்துக்கு 21,525. மொத்தத்தை 84 மாசத்தால வகுத்தா 1,720. ஃப்ளாட் வட்டின்னா, அசல் குறைஞ்சுகிட்டே வந்தாலும் வட்டி முழுத் தொகைக்கும் போட்டுக்கிட்டே இருப்பாங்க. நிஜத்துல அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வட்டிக்குச் சமம்.

ஆனா அந்த 1,720-ல தெரியாம ஒளிஞ்சிருக்கிறது 82,000 வெள்ளி முன்பணம். அதோட சாலை வரி, இன்சூரன்ஸ், பெட்ரோல், நிறுத்துமிடம் மாசம் 914. ஏழு வருஷத்துக்குக் கையை விட்டு மாசம் 2,600-க்கு மேல போகும், முன்பணம் தனி.

ஆபிஸ்ல ஒரு தம்பி இருக்கார். முப்பது வயசு, நல்ல வேலை, ஊர்ல அப்பா அம்மா, கல்யாணப் பேச்சு நடக்குது. எட்டு வருஷம் ஆணி புடுங்கி சேர்த்தது 90,000 வெள்ளி சொச்சம். "அண்ணே, முன்பணத்துக்கு இருக்கு, எடுத்துடலாமா?"ன்னு போன மாசம் கேட்டார். கூபே வேண்டாம்னு நான் சொல்லல. "தம்பி, இந்த 82,000 போனப்புறம் உங்க கையில எட்டாயிரம். ஊர்ல அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன்னா எங்கேர்ந்து எடுப்பீங்க?"ன்னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "காரை வித்துடலாம்ணே"ன்னார். வித்தா என்ன கிடைக்கும்? முதல் வருஷத்துல வித்தா பேங்க் கடனை அடைச்சப்புறம் முன்பணத்துல பெரும்பங்கு திரும்பி வராமப் போகலாம். தேய்மானம் எல்லாரையும் ஒரே மாதிரி அடிக்காது. பத்து வருஷம் வச்சிக்க முடியறவருக்கு அது வாடகை. அவசரத்துல விக்கிறவருக்கு அது அடி.

இதுதான் என் பயம். கூபே ஆசை தப்பே இல்ல. அவசரத்துக்கு வச்சிருக்கிற காசு கூபேயா மாறுறதுதான் ஆபத்து. ஊர்ல இருக்கிறவங்க நம்ம வண்டி போட்டோவைப் பாத்து சந்தோஷப்படுவாங்க. ஆஸ்பத்திரி கவுண்டர்ல போட்டோ செல்லாது.

ஆக, என் கட்சி

ஒண்ணு, முதல் கேள்வி "கூபேயா செடானா"ங்கிறது இல்ல. "மாசம் 2,000 வெள்ளி வாடகைக்கு கார் வேணுமா"ங்கிறதுதான். தினமும் 81 வெள்ளிக்கு டாக்சி ஏறினாலும் அதே செலவுதான், நிறுத்துமிடம் தேட வேண்டாம். இதுக்கு "வேணும்"னு மனசாரப் பதில் சொல்ல முடியலன்னா அங்கயே நிறுத்திக்குங்க. முதல் கட்சிக்கு ஒரு ஓட்டு.

ரெண்டு, "வேணும்"னு முடிவாயிடுச்சுன்னா, ஒரே பிரிவுல மாசம் 440 கூடுதலுக்காக உங்களை யாரும் ஊதாரின்னு சொல்ல விடாதீங்க. 2,040 வெள்ளி கொடுத்து பிடிக்காத வண்டியைப் பத்து வருஷம் ஓட்டுறதும் ஒருவித ஊதாரித்தனம்தான். ரெண்டாவது கட்சிக்கு ஒரு ஓட்டு.

மூணு, புதுசு வேண்டாம். அஞ்சு வருஷம் மிச்சமுள்ளதைப் பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடியோ, பிள்ளைங்க கால் நீளுறதுக்கு முன்னாடியோ முடியற மாதிரி வருஷத்தைத் தேர்ந்தெடுங்க. விலை கேக்காதீங்க, மாசத் தவணை கேக்காதீங்க, வருஷத் தேய்மானம் கேளுங்க. அதோட மேல சொன்ன பதினோராயிரத்தையும் கூட்டுங்க.

நாலு, முன்பணம் போனப்புறமும் ஒரு வருஷச் சம்பளம் கையில நிக்கணும். நிக்கலன்னா அந்தச் சிவப்புக் கலர் படத்தை போன்லயே வச்சிருங்க. அது தேயாது.

என் கணக்குல ஓட்டை இருந்தா சொல்லுங்க மக்களே, திருத்திடலாம். குறிப்பா பழைய கூபேயைப் புதுப்பிச்சு ஓட்டுறவங்க உங்க நிஜ எண்களை எழுதுங்க, இன்சூரன்ஸும் ரிப்பேரும் எவ்வளவு ஆகுதுன்னு எனக்கும் தெரியணும். கும்ம வர்றவங்க ரெண்டு கட்சியில எந்தக் கட்சின்னு முதல்லயே சொல்லிட்டுக் கும்முங்க.

பி.கு: இந்தப் பதிவை தங்கமணி படிச்சாச்சு. "இவ்வளவு கணக்கு தெரிஞ்ச ஆளு, போன மாசம் எதுக்கு அந்தப் பழைய எம்எக்ஸ்-5 விளம்பரத்தை சேமிச்சு வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. ஆராய்ச்சிக்காகத்தான்னு சொல்லியிருக்கேன். ஹி ஹி.